பாலத்தடி குவார்ட்டர்ஸ்

பாலத்தை வரைந்தது இயந்திரம். சிவில் இன்ஜினியரான என் வேலை, அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு அதனடியில் ஓராண்டு குடியிருப்பது. இயந்திரம் போட்ட கணக்கைச் சரிபார்க்க எனக்கு உரிமை கிடையாது. பாலம் விழுந்தால் முதலில் சாக ஓர் ஆள் வேண்டும். அதற்கு ஒரு பி.இ.

இன்று குவார்ட்டர்ஸில் சொந்தபந்தம் கூடி நிற்க அம்மா பால் காய்ச்சினாள். மேலே முதல் லாரி ஏறியதும் பாலில் சிமெண்ட் தூள் உதிர்ந்தது.

"அம்மா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போ!"

"போனா உன் வேலை போயிரும்னு நீதானடி சொன்ன?"

"போகட்டும். அந்தக் கணக்க நான் பார்க்கவே இல்லம்மா."

அம்மா அண்ணாந்து பார்த்தாள். அடுத்த லாரியின் இரைச்சல் நெருங்கியது.

"நம்ம வம்சத்துல மொத இன்ஜினியர் நீ. சும்மா இரு."

முந்தானையில் பாலை வடிகட்டி, மாமாவின் பிள்ளைகளுக்கு முதல் டம்ளரை நீட்டினாள்.