சவுக்கு மரத்துக்கு மேலே

“என் விமானம் அலறுதாம், ஜெனீன். புகார் எழுதிக் கொடுத்திருக்காங்க” என்றபடி கவுன்சில் கடிதத்தை டீக்கோப்பைக்குப் பக்கத்தில் எறிந்தான் கிளெம்.

புகார் எழுதியவள் ஆற்று முனையில் சிப்பி வளர்க்கும் நோரீன் டக்வெல். குடிவந்து மூன்று மாதம்தான். கிளெம் அவளைப் பார்த்ததுகூட இல்லை. கிளம்பும்போது புரொப்பல்லரின் சுற்றை நிமிடத்துக்கு இருநூறு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனுடைய மிதவை விமானம் ஆற்றிலிருந்து பறக்க அனுமதி கிடையாது என்றது கடிதம்.

“குறைச்சாத்தான் என்ன?” என்றாள் மனைவி.

“அந்தம்மா வீட்டுச் சவுக்கு மரத்துல போய்த் தொங்குவேன். முழு வேகத்துல சுத்தியே மயிரிழையிலதான் தாண்டுறேன். போன வாரம் மிதவையில இலை ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஞாபகார்த்தமா வெச்சுக்கங்கன்னு பயணிங்ககிட்ட கொடுத்துட்டேன்.”

ஜெனீன் சிரிக்கவில்லை.

மறுநாள் பயணிகளுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றினான். கல்யாண மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தான், நீந்த வேண்டியிருக்குமே என்று. சுற்றைக் குறைத்தான். அலறல் அடங்கி உறுமலாயிற்று. மரங்கள் நெருங்கின. கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது சவுக்கு மரங்கள் எங்கோ கீழே கிடந்தன.

கரைக்குத் திரும்பியவனுக்கு, அவன் விமானத்தைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் விளக்கினார். அவன் ஆசைப்பட்டு மாட்டிய நீளமான புரொப்பல்லரை அத்தனை வேகமாகச் சுற்றினால் நுனி ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடுமாம். பிறகு விமானத்தை முன்னே இழுக்கும் விசை குறைந்து சத்தம்தான் மிஞ்சுமாம். நான்கு மாதமாகச் சத்தத்தையே சக்தி என்று நம்பி, பயணிகளையும் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறான். உட்கார ஒரு மூட்டை தேடினான்.

சாயங்காலம் கேக் வாங்கிக்கொண்டு நோரீன் வீட்டுக்குப் போனான். நரைத்த தலையோடு கதவைத் திறந்தாள்.

“உங்க காதுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க...”

அவள் காதைத் தொட்டுக் காட்டி இல்லையென்று தலையசைத்தாள். பிறகு சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து எழுதி நீட்டினாள்.

“காது சுத்தமாக் கேக்காது, தம்பி. புரொப்பல்லர் சோதனைக் கொட்டகையில பதினாறு வருஷம் வேலை பார்த்ததுல போச்சு. நீ என் மரத்தை உரசிப் போறதைப் பார்த்ததுமே கோளாறு என்னன்னு புரிஞ்சுது. ‘உனக்கு ஓட்டத் தெரியலை, மரத்துல மோதப் போறே’ன்னு எழுதியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பே.”