துண்டுக்குள் நஷ்டஈடு

தொழிலாளர் அலுவலக வராந்தாவில் வெயில் காலடிவரை வந்துவிட்டது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்கு அரைக்கும் மெஷினுக்கு வலக்கையின் மூன்று விரல்களைக் கொடுத்துவிட்ட அம்மாசி, ஏழாவது வாய்தாவுக்கு வந்த அலுப்பில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார். நஷ்டஈட்டை வெளியிலேயே பேசி முடிக்க முதலாளி அனுப்பியிருப்பது ஒரு மாட்டுத் தரகரை. அவர் விலையை வாயால் சொல்லாமல் விரலைப் பிடித்துப் பேசும் சந்தைப் பழக்கத்தில் துண்டைப் போர்த்தி, அதற்குள் அம்மாசியின் வலக்கையைப் பற்றுகிறார். பிடிக்கிற விரலுக்கு ஒரு லட்சம் என்று கணக்கு. இரண்டைப் பிடித்து அழுத்துகிறார்.

“முடிச்சுக்கலாமுங்களா சாமி?”

“கட்டாதுங்க. மேல ஏறுங்க.”

ஏற்றிப் பிடிக்க அடுத்த விரலைத் தேடிப் போன தரகரின் கை, தழும்பில் முட்டி, துண்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.