‘தொடரும்’ போடாத டி.வி.

“அந்தப் பொண்ணு மேல மனு கொடுக்காம இன்னைக்கு வீடு திரும்பப் போறதில்ல” என்றார் கைலாசநாதன்.

ஜகதாம்பாள் மாத்திரை டப்பாவைப் பையில் வைத்தபடி கணவரைப் பார்த்தாள். “நீங்க டயாலிசிஸுக்குப் போறீங்களா, டி.வி. பார்க்கப் போறீங்களா?”

“நாலு மணி நேரம் அசையாம படுக்கணும். வேற என்ன செய்யச் சொல்றே?”

கலெக்டர் ஆபீஸ் மனுப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். ஊரார் எழுதிய மனுக்களுக்கு நம்பர் போட்டே ரிட்டயர் ஆனவருக்குச் சொந்தமாக ஒன்று எழுத இப்போதுதான் வாய்ப்பு. விடுவாரா? முழுப் பக்கம் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருநகரில் ஆட்டோ ஏறினார்.

விஷயம் இதுதான். டயாலிசிஸ் அறையில் ஆறு கட்டில். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே டி.வி. அதன் ரிமோட், டெக்னீஷியன் முத்துமீனாவின் கோட்டுப் பையில். அவள் போடுவதெல்லாம் பொம்மைப் படம். குழந்தைகளுக்கானது இல்லை, பெரியவர்களுக்கு எடுத்தது. ஒவ்வொன்றும் தனிக் கதை. இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அடுத்ததில் வேறு ஊர், வேறு ஆட்கள்.

‘நாம என்ன எல்.கே.ஜி.யா?’ என்றுதான் முதல் நாள் நினைத்தார். அன்றைக்கு ஓடிய கதையில் ஒரு ரயில்வே கேட்கீப்பர். ரயில் போனதும் கேட்டைத் திறக்கிறான். எதிர்ப்பக்கம் பத்து வயதில் அவனே சைக்கிளோடு நிற்கிறான்.

நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். வரைந்த முகத்தில் அதைப் பார்த்தபோது கைலாசநாதனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்தக் காலத்து வாரப் பத்திரிகையில் தொடர்கதைக்குப் போடுவார்களே படம், அது எழுந்து நடப்பது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் பத்திரிகைக் கட்டுக்காகத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு கடையில் மதியமே போய் நின்றவர் அவர். வீட்டுக்குள் கால் வைத்ததும் அக்கா பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். கதாநாயகி கிணற்றுமேட்டில் நிற்பாள். கீழே ‘தொடரும்’. அடுத்த ஏழு நாள் சோறு இறங்காது.

கதை முடிந்ததும் அந்தப் பக்கங்களையெல்லாம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி பைண்டு போடுவார்கள். ஜகதாம்பாள் கல்யாணமாகி வந்தபோது பித்தளை அண்டாவோடு அப்படி ஒன்பது பைண்டு கொண்டுவந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் முதலில் பார்த்ததே அந்த அலமாரியைத்தான். என்ன சுகமான காத்திருப்பு அதெல்லாம்!

அந்த ஞாபகத்தோடுதான் அடுத்த முறை, கேட்கீப்பர் என்ன ஆனான் என்று ஆசை ஆசையாகப் போனார். டி.வி.யில் யாரோ ஒரு தையல்காரி.

“அந்தக் கேட்கீப்பர் எங்கம்மா?”

“அது அன்னைக்கே முடிஞ்சிருச்சே சார்.”

“அதெப்படி முடியும்? ‘தொடரும்’னு போட்டாத்தாம்மா கதை. தொடர்ந்து வர்ற மாதிரி ஏதாவது போடேன்.”

“இங்க இதுதான் சார்.” ஊசி குத்திய இடத்தைச் சரிபார்த்தபடி சிரித்தாள் முத்துமீனா. “கை வலிக்குதா?”

மூன்று வாரமாக இதே கேள்விக்கு இதே பதில், இதே சிரிப்பு. இத்தனூண்டு பெண்ணுக்கு எவ்வளவு திமிர்! தனக்குப் பிடித்ததை நோயாளிகள் தலையில் கட்டுகிறாள். மனுவில் ‘சர்வாதிகாரம்’ என்ற வார்த்தைக்கு இரண்டு கோடு போட்டிருந்தார்.

இன்றைக்கும் மெஷினை மாட்டிவிட்டு, ஒரு பொம்மைப் படத்தை ஓடவிட்டு, அவள் கடைசிக் கட்டிலுக்குப் போனாள். கைலாசநாதன் மெதுவாக மனுவை எடுத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்த சின்னானிடம் நீட்டினார். சின்னான் டி. கல்லுப்பட்டி விவசாயி. ஐந்து வருஷமாக இங்கே வருகிறவர்.

“நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. ரெண்டு பேர் எழுதினா மேனேஜர் கேட்டுத்தான் ஆகணும்.”

சின்னான் கடைசி வரி வரைக்கும் படித்தார். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இது வேணாம் சார்.”

“ஏன்? உங்களுக்குத் தொடர்கதை பிடிக்காதா?”

“முன்னாடி தொடருதான் ஓடுச்சு சார். நெட்டுல வர்றது. இங்க வந்தாத்தான் எங்களால பாக்க முடியும். நீங்க படுத்திருக்கீங்கள்ல, இந்தக் கட்டில்ல சோலைன்னு ஒருத்தர். பரவை மார்க்கெட்டுல கத்திரிக்கா யாவாரம். அந்தத் தொடருன்னா அவருக்கு உசுரு.”

“சரி.”

“ஒருநா, கல்யாண மேடையில மாப்ள தாலியக் கையில எடுக்குறான். தொடரும்னு போட்டுட்டான். மெஷின நிறுத்துற நேரமும் ஆகிப்போச்சு. ‘ஏத்தா முத்துமீனா, அந்தப் பய கட்டுவானா மாட்டானா? நீ பாத்திருப்ப, சொல்லுத்தா’ன்னு சோலை அம்புட்டுக் கெஞ்சுனாரு. ‘வியாழக்கெழம வந்து பாருங்கண்ணே’ன்னு சிரிச்சுக்கிட்டே டி.வி.ய அமத்திருச்சு இந்தப் புள்ள.”

“கட்டினானா?” கைலாசநாதன் மனுவை மறந்துவிட்டுக் கேட்டார்.

“கட்டுனான் சார். நாங்க அஞ்சு பேரும் பாத்தோம். சோலை அதுக்கு மொத நாளே போய்ச் சேந்துட்டாரு. அன்னைலருந்துதான் இந்தப் புள்ள, அன்னன்னைக்கே முடியிற கதையாத் தேடித் தேடிப் போடுது.”