தூங்காத மானிட்டர்

"இதுவும் கண்ணுக்கு ஒத்துக்கலைண்ணா."

தோளில் இருந்த பையிலிருந்து மானிட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள் அவள். பழைய கம்ப்யூட்டர் கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். வாங்கிப் போனதை அவள் திருப்பிக் கொண்டுவருவது இது இரண்டாவது தடவை.

"தங்கச்சி, முதல்ல குடுத்தது கண்ணைக் குத்துதுன்னே. மாத்திக் குடுத்தேன். இதுக்கு என்ன கேடு?"

"ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி நீலமா எரியுது. அதுவும் கொஞ்ச நேரந்தான். அப்புறம் தானா அணைஞ்சு போகுது."

"சும்மா விட்டா அது தூங்கத்தான் செய்யும். காலேஜ் படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியாதா?"

"எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நான். மானிட்டரைத் தாலாட்டற பாடம் அங்க வைக்கலை."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கம்ப்யூட்டரில் சொருகும் கேபிளைக் கேட்டு வாங்கினார். அதில் அவர் கட்டிக்கொடுத்த பச்சை நூல், போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற பெண்தான் என்று நினைத்து அலமாரியில் போட்டார்.

"இதான் கடைசி. இதுக்கப்புறம் மாத்த மாட்டேன், தங்கச்சின்னுகூடப் பாக்க மாட்டேன்."

"ஓஹோ, அந்தத் தங்கச்சிக்கும் வாரண்டி முடிஞ்சுபோச்சா?"

முணுமுணுத்துக்கொண்டே நாலு பழைய மானிட்டர்களை வரிசையாக எரியவிட்டார். எல்லாவற்றிலும் ஒரே பூப்படம். அவள் கிட்டவே வரவில்லை.

"டியூப்லைட்டை அணைங்க. ஷட்டரைப் பாதி இறக்குங்க" என்று சொல்லிவிட்டு, தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

"தெருவுல உட்கார்ந்தா வேலை பாக்கப் போற?" என்று உள்ளேயிருந்து கத்தினார். "யாரு கண்ணுக்கும்மா பாக்கற? வீட்டுக்காரருக்கா?"

"என் கண்ணுக்குத்தான். வேற யாரு இருக்கா?"

திரும்பி வந்தவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "இது துடிக்குது. இது சவக்களை. இதைப் பக்கவாட்டுல பாத்தா கறுத்துப்போகுது. இது ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு, கூசுது." பிறகு கை நீட்டினாள். "அந்த மூலையில எரியுதே, அது?"

"அதுவா? அது குப்பை. உள்ள இருக்கற விளக்கு பழசாகி மஞ்சளடிச்சுப்போச்சு. போர்டும் போச்சு. என்னத்தைச் சொருகினாலும் படம் வராது. சிவப்பு, பச்சை, நீலம்னு நிறத்தை மட்டும் மாத்தி மாத்திக் காட்டும். சனியன், இந்த ஸ்விட்சைப் போட்டாலே அதுவும் சேர்ந்து எரியும், தூங்கவும் தூங்காது. உதிரிபாகத்துக்கு வச்சிருக்கேன்."

அவள் மறுபடியும் தெருவைத் தாண்டிப் போனாள். இருட்டுக் கடையின் சுவரில் அந்த மங்கிய வெளிச்சம் நிறம் மாறி மாறி அசைந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் வெகுநேரம் நின்றாள்.

வந்து, "இதைக் குடுங்க" என்றாள்.

"கிறுக்கா உனக்கு? படமே வராதுங்கறேன். நாளைக்கு இதையும் தூக்கிக்கிட்டு வந்து என் உசிரை வாங்குவ."

"வர மாட்டேன்."

"கம்ப்யூட்டர்ல மாட்டி என்னத்தைம்மா பாப்ப?"

"எங்கிட்ட கம்ப்யூட்டரே இல்லண்ணா."

பச்சை நூல் சுற்றிய கேபிளை எடுக்கப்போன கடைக்காரரின் கை அலமாரியிலேயே நின்றுவிட்டது.

அவள் மானிட்டரைப் பைக்குள் இறக்கினாள். "ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு தெருமுனை திரும்பறப்ப, எல்லார் வீட்டு ஜன்னல்லயும் டிவி வெளிச்சம் ஆடிக்கிட்டிருக்கும். என் ரூம் மட்டும் இருட்டா கிடக்கும். பல்பை எரியவிட்டுப் போய்ப் பாத்தேன். நானே அணைக்க மறந்த மாதிரிதான் இருந்துச்சு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதுன்னா, உள்ள யாரோ எனக்காக முழிச்சிருக்காங்க."