கொலைகாரனின் வளர்ப்பு

டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினாள். நான் உட்காரவே இல்லை.

“தொடர்ந்து கொலை பண்றவங்கள்ல நாலு வகை. காதுல குரல் கேட்டுக் கொல்றவன் ஒருத்தன்...”

“எனக்குந்தான் காதுல கொய்யுன்னு கேக்குது. நான் யாரைக் கொன்னேன்?”

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “ஊரைச் சுத்தம் பண்றேன்னு கொல்றவன், சுகத்துக்குக் கொல்றவன், அடுத்தவங்க உயிர் தன் கைக்குள்ள இருக்கணும்னு கொல்றவன்.”

“செத்தவங்கள்ல ஒரே வகைதான். அஞ்சு பொண்ணுங்களைக் கொன்னானே என் மகன், அவன் எந்த வகை?”

“கடைசி வகை. சின்ன வயசுல அடிபட்டு அடங்கிக் கிடந்தவங்க சில பேர் இப்படி ஆயிடறாங்க. நாளைக்குக் கோர்ட்டுல, ‘அவனை பெல்ட்டால அடிச்சுத்தான் வளர்த்தேன்’னு நீங்க சொன்னா, தூக்கு ஆயுளா மாறலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்காதவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்ற நினைப்பு.

“அவன் மேல ஒரு அடி விழுந்து நீ பாத்தியா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“ஒரு பொய்தானே. உயிர் தப்பிக்குமே.”

“அந்தப் பொண்ணுங்க உயிருக்கு எந்தப் பொய்யைச் சொல்றது?”

அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். உதறினேன்.

“சரி, கூண்டுல ஏறி அடிச்சேன்னே சொல்றேன். அதே வீட்டுல, இதே கையால சோறு தின்னு வளர்ந்த அவனோட அக்கா என்ன ஆனாள்னு எதிர் வக்கீல் கேட்பான். உன்னைக் கை காட்டவா?”