நிற்காத குழி

கறுப்புத் துணி தொங்கும் ஆய்வகத்தில் பச்சை லேசர் பட்டு, சிறு காந்தத்தை ஒட்டி வைத்த குறுணை அளவு வைரம் சிவப்பாக ஒளிர்கிறது. உள்ளே அணு விடுபட்ட பழுதுகளின் ஒளி அது. மைக்ரோவேவின் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் அந்த ஒளி மங்கி, கணினியில் கோடு குழியாக இறங்கும். சுற்றியுள்ள காந்தப்புலம் மாறாதவரை குழி இடம் மாறாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. இயற்பியல் பேராசிரியை திலகவதி குனிந்து வைரத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் குழி தள்ளிப் போயிருக்கிறது. இரவல் வைரம் மாலைக்குள் வேலூர் திரும்ப வேண்டும். "சனியன்!" என்று மேசையைத் தட்டுகிறாள். பக்கத்து விசைத்தறி மோட்டார்களின் காந்தம்தான் காரணம் என்று காலையிலிருந்து சண்டை. இப்போது அங்கே சத்தமே இல்லை. துணிக்கு வெளியே தறிக்காரர் லோகநாதனின் குரல் வருகிறது: "எல்லா தறியும் நிறுத்திட்டேங்க மேடம். ஆளுங்க சும்மா ஒக்காந்துகினு இருக்காங்க, ஒரே பேஜாரு." "இன்னும் நகருதே! ஏதோ மோட்டார் ஓடுது, போய்ப் பாருங்க!" "மெயினையே எறக்கிட்டேங்க." எரிச்சலோடு மறுபடி குனிகிறாள். இம்முறை நிமிராமல், கழுத்தை மட்டும் திருப்பிக் கணினியைப் பார்க்கிறாள். கண்ணெதிரே குழி நகர்கிறது. தாலிச் சங்கிலியில் மாட்டிய ஊக்குக் கொத்து நேராகத் தொங்காமல், வைரத்தை ஒட்டியிருக்கும் காந்தத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கொத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறாள். குழி பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது. "மேடம், தறி ஓட்டலாங்களா?" ஊக்குகளை உள்ளங்கையில் இறுக்கியபடி, காலையிலிருந்து கத்திய அதே கோபக் குரலில் கத்துகிறாள்: "ஓட்டுங்க, ஓட்டுங்க!"