கிழிந்த தோள்

“அந்த ஜாக்கெட்டைத் தைக்காதீங்கம்மா. முடியாதுன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துடுங்க.”

தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கடை வாசலில் நின்றிருந்தார். நெடுந்தூரம் நடந்து வந்தவர் போலச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

பைக் ஓட்டுகிறவர்களின் ஜாக்கெட்டையும் கையுறையையும் பழுது பார்க்கிற கடை அது. பலகையில் ‘ஜாக்கெட் ரிப்பேர்’ என்று மட்டும் எழுதி வைத்ததில், ரவிக்கைத் துணியோடு வந்து ஏமாந்து போனவர்களும் உண்டு. ஆனால் தைக்காதே என்று சொல்ல இதுவரை யாரும் வந்ததில்லை.

நேற்று ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போன கறுப்பு ஜாக்கெட்டைத்தான் அவர் சொன்னார். அவளுடைய அப்பாவாம். அந்தப் பெண்ணைத் தையல்காரிக்கு நன்றாக நினைவிருந்தது. நல்ல உயரம். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எப்படியாவது சரிபண்ணிக் கொடுத்துவிடுங்கள் அக்கா என்று போகும்போதும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் பைக்கைக் கிளப்பினாள்.

ஜாக்கெட் மேஜை மேல்தான் கிடந்தது. இடது தோளிலிருந்து முழங்கை வரை தார் ரோடு துணியைத் தின்றுவிட்டிருந்தது. உள்ளே வைத்திருந்த காப்புப் பட்டை எட்டிப் பார்த்தது. பழைய தையலைப் பிரித்து, அதே கறுப்பில் கெட்டித் துணியும் வெட்டி வைத்துவிட்டாள். பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தவர் உடனே எழுந்துகொண்டார். தையல்காரி ஜாக்கெட்டைத் தூக்கி, உள்ளே எதுவும் உடையவில்லை, தைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று காட்டினாள். அவர் கையை நீட்டவில்லை. பின்னால் கட்டிக்கொண்டார்.

“பெரிய அடி ஒண்ணும் இல்லம்மா, சிராய்ப்புதான். அது ஆறிடுச்சு. ஆனா அன்னையிலேர்ந்து தூக்கம் போச்சு. கண்ணை மூடினா அந்த வளைவுதான் வந்து நிக்குது.”

பெற்ற மனசு என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள். மகளிடமே நேராகச் சொல்லிவிடலாமே என்று கேட்டாள்.

“எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது? சின்ன வயசுலேயே வண்டி பழக்கிவிட்டு, பயப்படாதே பயப்படாதேன்னு சொன்னதே நான்தான்.”

பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் யாரோ ஒரு வண்டியை முறுக்கினார்கள். அவர் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சத்தம் அடங்கிய பிறகும் விடவில்லை.

தையல்காரிக்கு ஒரு தம்பி. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிற வேலை. பகல் முழுக்க பைக்தான். அவன் திரும்பி வந்து வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்கும் வரை இவளுக்குச் சோறு இறங்காது. அதனால்தானோ என்னவோ, எந்த வேலைக்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள், சரி என்று தலையாட்டிவிட்டாள். அவர் ரெண்டு கையையும் கூப்பிவிட்டு, ஷெட்டில் நின்ற வண்டிகளைப் பார்க்காமல் நடந்து போனார்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. வேறு ஒருவருடைய கையுறையை எடுத்து, கட்டை விரலைத் தப்பாகச் சேர்த்துத் தைத்துப் பிரித்தாள். ஜாக்கெட்டை அலமாரியில் வைத்தாள், திரும்ப எடுத்தாள். வெட்டி வைத்த துணியைத் தோளில் வைத்துப் பார்த்தாள், கச்சிதமாகப் பொருந்தியது. சட்டென்று சுருட்டிப் பையில் போட்டாள். வாசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அந்தப் பெண்தானோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் வந்தேவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

தையல்காரி அவள் கண்ணைப் பார்க்காமல் பையை நீட்டினாள். துணி ரொம்ப நைந்துவிட்டது, ஊசி ஏறினால் இன்னும் கிழியும், ஒன்றும் பண்ண முடியாது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒப்பித்தாள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு வடிந்துவிட்டது. ஜாக்கெட்டை வெளியே எடுத்துக் கிழிசலைத் தடவினாள். ஒட்டுப் போட்டால்கூடப் போதும் என்றாள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். தையல்காரி முடியாது என்று தலையை அசைத்தாள். அவள் வாட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல், ஆறுதலாகப் பேசினாள்.

“கொஞ்ச நாள் வண்டியை ஓரமா நிறுத்தி வைம்மா. வீட்டுல இருக்கிறவங்களுக்கும் நிம்மதி வேணும் இல்லையா?”

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள்.

“நான் எதுக்குக்கா நிறுத்தணும்? இது எங்க அப்பாவோடது. கீழ விழுந்ததுலேர்ந்து வண்டியைத் தொடவே மாட்டேங்கிறாரு. ஜாக்கெட் தைச்சு வரட்டும், அன்னைக்கே எடுக்கிறேன்னு எனக்கு வாக்குக் குடுத்திருந்தாரு.”